நேர்கோட்டக்காவும் மேசையில் விடாத புத்தகமும்

பெற்றவர்கள் ஆசையாக வைத்த பெயர் ஒன்று அவளுக்கு இருக்கத்தான் செய்தது. சம்பளப் பட்டியலைத் தவிர வேறெங்கும் அது புழங்கவில்லை. ஊருக்கெல்லாம் அவள் நேர்கோட்டக்கா. அவள் பார்த்துக்கொள்ளும் கிளை நூலகத்தில் எந்த அலமாரிக்கு எதிரில் நின்று ஒற்றைக் கண்ணை மூடிக்கொண்டு பார்த்தாலும் புத்தக முதுகுகள் எல்லாம் ஒரே கோட்டில் நிற்கும். உள்ளே போன புத்தகமும் கிடையாது, வெளியே துருத்திய புத்தகமும் கிடையாது. ஒன்று துருத்திக்கொண்டு நின்றுவிட்டால் அன்றைக்கு அவளுக்குச் சோறு இறங்காது. நான் கூட்டிச் சொல்லவில்லை. அதே வீட்டில் இருக்கிற அவளுடைய நாத்தனார் கண்ணால் பார்த்துச் சொன்னது.

அந்தக் குணம் அப்பா வழியில் வந்தது. அவர் இரும்புச் சாமான் கடை வைத்திருந்தவர். கரண்ட் போய்க் கடை இருட்டிக் கிடந்தாலும் கையை நீட்டிக் கேட்ட அளவு திருகாணியை எடுத்துக் கொடுப்பார். மகளுக்கு நகை நட்டு என்று பெரிதாக ஒன்றும் சேர்த்து வைக்கவில்லை. எடுத்ததை எடுத்த இடத்தில் வை என்ற ஒரு பேச்சை மட்டும் விட்டுவிட்டுப் போனார். அதைப் பிடித்துக்கொண்டே அவள் வளர்ந்தாள், படித்தாள், நூலக வேலைக்கு வந்தாள். வாழ்க்கைப்பட்டது ஒரு தச்சருக்கு. கல்யாணமான புதிதில் அந்த வீட்டில் அரிசி டப்பாவுக்குள் ஒரு உளி கிடந்ததாம். அதே மனிதரை இன்றைக்குத் தூக்கத்தில் தட்டி எழுப்பிக் கேளுங்கள், எந்த ஆணியில் எந்த அரம் தொங்குகிறது என்று சொல்லிவிட்டு மறுபடி தூங்கிவிடுவார். புருஷனையே திருத்தியவளுக்கு ஊரைத் திருத்துவது ஒரு வேலையா?

நூலகம் என்றதும் பளிங்குப் படிக்கட்டு, உயரமான தூண் என்று போய்விட வேண்டாம். பஞ்சர் கடைக்கும் மருந்துக் கடைக்கும் நடுவே செங்குத்தாக ஒரு மாடிப்படி. ஏறினால் நீளமான ஒரே கூடம். இரண்டு பக்கமும் அலமாரிகள், நடுவில் நீள மேசைகள், ஜன்னலோரம் ஒரு பெஞ்சு. அவ்வளவுதான். சுற்றுப்பட்ட தெருக்களில் வீடுகள் எல்லாம் ஓரறை, மிஞ்சினால் ஒன்றரை. அதற்குள் அடுப்பும் கட்டிலும் டிவியும் நாலைந்து பேரும். புத்தகத்தை வீட்டுக்கு எடுத்துப் போனால் விரித்து வைக்க மடியைத் தவிர இடமில்லை. அதிலும் கைக்குழந்தை வந்து உட்கார்ந்துவிடும். ஆகவே அங்கே இரவல் வாங்கிப் போகிறவர்கள் கொஞ்சம், வந்து உட்கார்ந்து படித்துவிட்டுப் போகிறவர்கள் ஏராளம். சாயங்காலமானால் எள் விழ இடமிருக்காது.

இத்தனை பேர் எடுத்துப் புரட்டியும் அலமாரி எப்படி நேராக நின்றது என்று கேட்பீர்கள். அதற்குத்தான் தக்கை. தச்சர் வீட்டில் மிஞ்சிய பலகையைச் சாண் நீளத்துக்கு மெலிதாக அறுத்து, ஓரத்தை உப்புத்தாள் போட்டு வழவழப்பாக்கி, ஒவ்வொரு அலமாரியின் பக்கத்திலும் ஒரு பெட்டியில் போட்டு வைத்திருந்தாள். புத்தகத்தை உருவினால் அந்த இடைவெளியில் ஒரு தக்கையைச் செருக வேண்டும். படித்து முடித்தால் தக்கை நிற்கிற இடத்தில் புத்தகத்தை வைத்துவிட்டுத் தக்கையை மறுபடி பெட்டியில் போட வேண்டும். முதலில் முணுமுணுத்தார்கள். அவள் விடவில்லை. அடி மேல் அடி வைத்தால் அம்மியும் நகரும், ஆள் நகர மாட்டானா? வருஷக்கணக்கில் சொல்லிச் சொல்லி, சாயங்காலம் விளக்கை அணைக்கும்போது மேசைகள் துடைத்துவிட்ட தட்டு மாதிரி கிடக்கும்படி செய்துவிட்டாள்.

இனி மானியத்துக்கு வருவோம். கதையே அதில்தான் இருக்கிறது. இவளுடைய கிளையோடு சேர்த்து எட்டு நூலகங்கள் ஒரு கூட்டு. எட்டுக்கும் ஒரே அட்டவணை, அது கம்ப்யூட்டரில் இருந்தது. எங்கே உட்கார்ந்து தேடினாலும் எட்டு இடத்துப் புத்தகமும் தெரியும். வேண்டுமென்று தட்டிவிட்டால் அடுத்த நடையில் வேன் கொண்டுவந்து இறக்கிவிடும். வேனுக்கு டீசல், வேன்காரருக்குச் சம்பளம், கம்ப்யூட்டர் இணைப்பு எல்லாம் அரசாங்க மானியத்தில்தான் ஓடியது. மாடியில் இருந்த சொந்தப் புத்தகங்களை ஒரு மழைக்காலத்தில் படித்துத் தீர்த்துவிடலாம். அந்த வேன் வந்ததால்தான் அது நூலகம். மேல்படிப்புப் பரீட்சைக்குத் தயாராகிற நர்ஸ் ஒருத்தி ராத்திரி ஷிப்ட் முடிந்து காலையில் நேரே படியேறி வருவாள். தலைமை நூலகத்திலிருந்து வேனில் வந்த தடித்தடி மருத்துவப் புத்தகங்கள்தான் அவளுக்குக் கதி. விலைக்கு வாங்கச் சொன்னால் அவள் மயக்கம் போட்டு விழ வேண்டியதுதான். லேத் பட்டறையிலிருந்து ஓய்வு பெற்ற ஒருவர் ஜன்னலோரப் பெஞ்சைப் பட்டா போட்டு வைத்திருந்தார். எல்லாருக்கும் அவர் லேத் மாமா. உலக சரித்திரத்தைப் பாகம் பாகமாக வரவழைத்துப் படித்துக்கொண்டிருந்தார்.

அந்த வருஷம் மானியத்தைப் புதுப்பிக்கிற கூட்டம் தலைமை நூலகத்தில் நடந்தது. எட்டுக் கிளைக்காரர்களும் வந்திருந்தார்கள். கூட்டைக் கவனித்துக்கொள்ளும் பொறுப்பாளர் ஒரு மென்மையான பெண்மணி. அவருக்குப் பக்கத்தில் மானியத் துறையிலிருந்து ஒரு அதிகாரி, சிரிப்பை வீட்டில் வைத்துப் பூட்டிவிட்டு வந்தவர் மாதிரி உட்கார்ந்திருந்தார். நம்ம ஆள் கடைசி வரிசை. இஸ்திரி போட்ட புடவை, மடியில் பை, முகத்தில் ஒரு ரகசியப் பெருமை.

பெருமைக்குக் காரணம் உண்டு. மாதாமாதம் அனுப்புகிற கணக்கில் 'மேசையில் மிஞ்சிய நூல்கள்' என்று ஒரு கட்டம் வரும். வாசகர்கள் எடுத்த இடத்தில் வைக்காமல் போட்டுவிட்டுப் போன புத்தகங்களை எண்ணி எழுதுகிற குற்றக் கணக்கு அது என்று அவள் முதல் நாளிலிருந்தே முடிவு கட்டியிருந்தாள். அவளை விட்டால் வேறு யார் அப்படி நினைப்பார்கள்? மாதா மாதம் அந்தக் கட்டத்தில் அழகாக, வட்டமாக, ஒரு பூஜ்யம் போட்டு அனுப்பி வந்தாள். இவ்வளவு நாள் மானியம் கூட்டுக்கு மொத்தமாக வந்ததால் யாரும் கிளை கிளையாகப் பிரித்துப் பார்த்ததில்லை. இந்த வருஷம்தான் முதல் தடவையாக ஒவ்வொரு கிளையின் எண்ணையும் சபையில் படிக்கப் போகிறார்கள்.

பொறுப்பாளர் படித்துக்கொண்டே வந்தார். ஒரு கிளையில் நூற்றுக்கணக்கில் மிஞ்சியிருந்தது, இன்னொன்றில் ஆயிரத்தைத் தாண்டியது. 'கருமம், என்ன நூலகம் நடத்துறாங்க' என்று இவள் மனசுக்குள் முகம் சுளித்தாள். இவளுடைய கிளை வந்தபோது பொறுப்பாளரின் குரல் இறங்கியது. ஏதோ வாய்க்குள்ளேயே சொல்லிவிட்டு அடுத்ததற்குப் போகப் பார்த்தார். இவளுக்குச் சுருக்கென்றது. பொறாமை என்று நினைத்துக்கொண்டாள்.

"மேடம், சத்தமா படிங்க. கடைசி வரிசைக்குக் கேக்கலை" என்றாள்.

நுணலும் தன் வாயால் கெடும் என்று சும்மாவா சொன்னார்கள். பொறுப்பாளர் கண்ணாடியைச் சரி செய்துகொண்டு, வேறு வழியில்லாமல், "பூஜ்யம்" என்று சத்தமாகப் படித்தார். இவள் நிமிர்ந்து உட்கார்ந்து இரண்டு பக்கமும் பார்த்தாள். யாரும் கை தட்டவில்லை. பக்கத்துக் கிளைக்காரர் இவளைப் பார்க்காமல் குனிந்து செருப்பைப் பார்த்தார்.

அதிகாரிதான் பேசினார். "ஒரு வருஷத்துல ஒரு ஆள்கூட உள்ள உக்காந்து ஒரு புத்தகம்கூடப் படிக்கலை. இரவலும் கம்மி. அப்படிப்பட்ட இடத்துக்கு வேன் எதுக்குங்க?"

"படிக்கலையா? சார், எங்க கிளையில உக்கார எடம் கெடையாது."

"அப்புறம் பூஜ்யம்னு யாரு எழுதினது?"

"நான்தான். மேசையில ஒண்ணுகூட மிஞ்சாது சார், அதான் பூஜ்யம்."

பொறுப்பாளர் மெதுவாக விளக்கினார். சாயங்காலம் மேசையில் கிடக்கிற புத்தகங்களை எண்ணித்தான் உள்ளே உட்கார்ந்து எத்தனை படித்தார்கள் என்று கணக்கு எடுப்பது. எல்லாக் கிளையிலும் படித்ததை அங்கேயே விட்டுவிட்டுப் போங்கள் என்றுதான் பலகை வைத்திருக்கிறார்கள். எண்ணி முடித்த பிறகு ஊழியர்கள் அடுக்குவார்கள். கேட்கக் கேட்க அவள் முகத்தில் ஈயாடவில்லை. இத்தனை வருஷமாகத் தன் கையால், அவ்வளவு அழகான வட்டமாக, தன் நூலகத்துக்கே குழி தோண்டி அனுப்பியிருக்கிறாள்.

"பழைய மாசத்துக்கெல்லாம் இனிமே திருத்தி எழுத முடியாது" என்றார் அதிகாரி. "அடுத்த கூட்டத்துலதான் மானிய முடிவைச் சொல்லுவாங்க. அதுக்குள்ள ஒழுங்கான கணக்கு வந்தா பாக்கலாம். நானே நேர்ல வந்து பாத்துட்டுத்தான் எழுதுவேன். வரலைன்னா உங்க வேன் நிறுத்தத்தை எடுத்துட்டு மிச்ச ஏழு கிளைக்கு மட்டும்தான் எழுதுவேன்."

திரும்பும்போது வேனில் புத்தகப் பெட்டிகளுக்கு நடுவே உட்கார்ந்து வந்தாள். வேன்காரர் கண்ணாடியில் அவள் முகத்தைப் பார்த்துப் பார்த்து ஓட்டினார். கடைசியில் பொறுக்க முடியாமல், "அக்கா, ஒரு தடவை நான் உங்க அலமாரி மேல டிபன் பாக்ஸ் வச்சதுக்கு என்ன பேச்சு பேசினீங்க, ஞாபகம் இருக்கா?" என்றார்.

"இருக்கு."

"அந்த வாயை இப்ப எங்க வச்சீங்க? எடுத்த எடத்துல இல்லையே."

அவளுக்கே சிரிப்பு வந்துவிட்டது. சிரித்துக்கொண்டே அழுதாள். வேன்காரர் மாடிப்படி வரைக்கும் பெட்டியைத் தானே தூக்கி வந்து வைத்தார்.

வீட்டில் நாத்தனாருக்கு ஆறுதல் சொல்லத் தெரியாது. "சொந்தச் செலவுல சூனியம் வச்சுக்கிறதுன்னு கேள்விப்பட்டிருக்கேன். உங்களைப் பாத்ததும்தான் நம்பறேன், அண்ணி" என்றாள். தச்சர் தங்கையை முறைத்துவிட்டு, "விடும்மா. திருத்தின ஊரைத் திருப்பிக் கெடுக்கிறது ஒரு கஷ்டமா? நாளைக்கே பலகையை மாத்து" என்றார்.

கெடுப்பது சுலபம் என்று நினைத்தது பெரிய தப்பு. மறுநாளே 'எடுத்ததை எடுத்த இடத்தில் வைக்கவும்' என்ற பலகையைக் கழற்றிவிட்டு, 'படித்த நூலை மேசையிலேயே விட்டுச் செல்லவும்' என்று மாட்டினாள். வந்தவர்கள் எல்லாரும் நின்று படித்தார்கள். ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். பிறகு என்றைக்கும் இல்லாத கவனத்தோடு, தக்கையை எடுத்து, புத்தகத்தை வைத்து, விரலால் முதுகைத் தட்டி நேராக்கிவிட்டுப் போனார்கள்.

"ஏன் மாமா, பலகையைப் பாக்கலையா?" என்று லேத் மாமாவை மடக்கினாள்.

"பாத்தேம்மா. எங்களைச் சோதிக்கிறேன்னு புரிஞ்சுக்கிட்டேன். நாங்க ஏமாறுவோமா?"

எல்லாரையும் உட்கார வைத்து, வெட்கத்தை விட்டு, பூஜ்யம் போட்ட கதையைச் சொன்னாள். வேன் நின்றுவிடும் என்றதும் நர்ஸ் கையிலிருந்த பேனாவை மூடினாள். பரீட்சைக்குக் கொஞ்ச காலம்தான் இருந்தது. "அந்தப் புத்தகமெல்லாம் வராதா அக்கா?" என்று மட்டும் கேட்டாள். அந்தக் கேள்வி நேர்கோட்டக்காவின் நெஞ்சில் அப்படியே தங்கிவிட்டது. தன் வேலைக்கு ஆபத்தில்லை, வேறு கிளைக்கு மாற்றிவிடுவார்கள். இந்த நர்ஸுக்கு யார் மாற்றல் கொடுப்பார்கள்?

அதன் பிறகு எல்லாரும் மேசையில் விட ஆரம்பித்தார்கள். அது அதைவிடக் கூத்து. நர்ஸுக்கு வேண்டிய புத்தகம் தக்கை நிற்கிற இடத்தில் இல்லை, மேசையிலும் இல்லை. தேடினால் ஒருவர் சமையல் குறிப்புக்கு அடியில் போட்டு அதன்மேல் முழங்கையை ஊன்றித் தூங்கிக்கொண்டிருந்தார். எவன் எடுத்தது, எவள் வைத்தது என்று அமைதியான கூடத்தில் சண்டை வந்தது. நேர்கோட்டக்கா சிரித்த முகமாகத்தான் நடமாடினாள். ஆனால் கலைந்து கிடக்கிற மேசையைப் பார்க்கும்போதெல்லாம் அவள் முகம் பல்வலிக்காரி முகம் மாதிரி கோணிப் போனது. அதைப் பார்த்த வாசகர்களுக்கு மனசு கேட்கவில்லை. அவள் தண்ணீர் பிடிக்கப் போய்த் திரும்புவதற்குள் மேசை துடைத்த மாதிரி இருக்கும்.

"யாரு எடுத்து வச்சது?"

ஒருவரும் தலை நிமிர மாட்டார்கள். தொட்டில் பழக்கம் சுடுகாடு மட்டும் என்பார்கள். இவர்களுக்குப் பழக்கத்தோடு பாசமும் சேர்ந்துகொண்டது. அந்த வாரம் அவள் எழுதிய கணக்கு பூஜ்யமில்லை, அவ்வளவுதான் சொல்லலாம். ஒரு கையில் விரல்களை மடக்கி எண்ணிவிடலாம்.

ஒரு மத்தியானம் அவள் மேசையில் தலையைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். லேத் மாமா நெப்போலியனை முடித்துவிட்டார் போல. புத்தகத்தை அதன் இடத்தில் வைத்துவிட்டு, பலகையைப் பார்த்து நாக்கைக் கடித்துக்கொண்டு, அதை மறுபடி உருவுவதா வேண்டாமா என்று நின்றார். கையிலிருந்த தக்கையால் அலமாரி ஓரத்தில் டக், டக் என்று தட்டிக்கொண்டே யோசித்தார். அந்தச் சத்தம் அவள் மண்டையில் இடித்தது. எரிந்து விழத்தான் வாயைத் திறந்தாள். திறந்த வாய் அப்படியே நின்றது.

"மாமா, கையில என்ன?"

"தக்கைம்மா."

"அது ஏன் உங்க கைக்கு வந்துச்சு?"

"இதென்ன கேள்வி? புத்தகத்தை வச்சா தக்கை கைக்கு வந்துதானே ஆகணும்."

வெண்ணெயை வைத்துக்கொண்டு நெய்க்கு அலைந்த கதைதான். ஒரு புத்தகம் படிக்கப்பட்டால் ஒரு தக்கை கைக்கு வருகிறது. புத்தகத்தை எண்ண முடியாவிட்டால் என்ன, தக்கையை எண்ணினால் போகிறது. அந்தத் தக்கை பழையபடி அலமாரிப் பெட்டிக்குப் போகாமல் அவள் மேசைக்கு வந்தால் போதும். மேசையும் சுத்தம், கணக்கும் சுத்தம். அவள் எழுந்து வேகமாகப் படியிறங்கி வீட்டுக்குப் போய், தச்சர் பெயிண்ட் கலக்குகிற பெரிய தகர டின்னைக் கழுவி எடுத்துக்கொண்டு வந்தாள். புதுப் பலகையைக் கழற்றினாள். பழையதை மாட்டினாள். அதன் கீழே சாக்பீஸால் ஒரு வரி சேர்த்தாள்: 'தக்கையை மட்டும் டின்னில் போடவும்.'

முதல் தக்கையை லேத் மாமா போட்டார். வெற்று டின்னில் அது விழுந்த சத்தத்துக்குத் தூங்கிக்கொண்டிருந்தவர் விழித்துவிட்டார். அவரும் எழுந்து போய்ப் புத்தகத்தை வைத்துவிட்டு ஒரு தக்கையைப் போட்டார். சாயங்காலத்துக்குள் டின் நிரம்பி, அலமாரிப் பெட்டிகள் காலியாகி, புத்தகம் எடுக்கத் தக்கை இல்லாமல் வரிசை கட்டி நின்றார்கள். எண்ணி எழுதிவிட்டு டின்னைக் கவிழ்த்துத் தக்கைகளைத் திருப்பிக் கொடுத்தாள். மறுநாளும் அதே கதை. தச்சர் வேறு வேலையை ஓரம் தள்ளிவிட்டுத் தக்கை அறுக்க உட்கார்ந்தார். நாத்தனார் உப்புத்தாள் போட்டாள், ஒவ்வொன்றுக்கும் ஒரு முணுமுணுப்போடு. "இந்த வீட்டுல நகை செய்யறதுக்குத்தான் ஆள் இல்லை, தக்கை செய்ய மூணு பேர்" என்றாள். ஆனால் ஒரு சிராய்கூட இல்லாமல் தேய்த்துக் கொடுத்தாள் என்பதையும் சொல்ல வேண்டும்.

கணக்கு ஏற ஏற லேத் மாமாவுக்கு ஆசை வந்துவிட்டது. ஒரு நாள் இரண்டு கைநிறையத் தக்கைகளை அள்ளிக்கொண்டு வந்து டின்னில் கொட்டினார். மழை பெய்த மாதிரி சத்தம்.

"மாமா, என்ன இது?"

"நம்ம நூலகத்துக்கு என்னால ஆனது."

"இத்தனையும் படிச்சீங்களா?"

"படிச்சாத்தானா?"

"படிக்காத தக்கை எனக்கு வேண்டாம் மாமா. எடுங்க."

"ஏம்மா, வேனே நின்னுடும்னு சொல்றே."

"நின்னா நிக்கட்டும். பொய்க் கணக்கு எழுதி வர்ற வேன்ல எனக்குப் புத்தகம் இறங்க வேண்டாம். எத்தனை போட்டீங்களோ அத்தனையும் எடுங்க. நான் நிக்கறேன்."

எழுபதைத் தாண்டிய மனிதர், டின்னுக்குள் முழங்கை வரை கையை விட்டு, கூடமே பார்க்க ஒவ்வொன்றாக எடுத்தார். எத்தனை போட்டார் என்று அவருக்கும் சரியாகத் தெரியவில்லை. சந்தேகத்துக்கு நாலு கூடவே எடுக்க வைத்தாள். இரண்டு நாள் அவர் அவளோடு பேசவில்லை. மூன்றாம் நாள் சரித்திரத்தின் அடுத்த பாகம் வேனில் வந்து இறங்கியதும் சமாதானம் ஆகிவிட்டார்.

அதிகாரி சொல்லாமல் கொள்ளாமல் வந்தார். படியேறி வந்தவருக்கு உட்கார நாற்காலி கிடைக்கவில்லை. அதிலேயே பாதி முகம் மாறிவிட்டது. ஆனாலும் அதிகாரி அல்லவா, மேசை மேசையாகப் போய்ப் பார்த்தார். "புத்தகம் மேசையில இல்லையே. விதியில மேசையில மிஞ்சினதைத்தானே எண்ணச் சொல்லியிருக்கு" என்றார். நேர்கோட்டக்கா தக்கை எப்படி வேலை செய்கிறது என்று காட்டினாள். அவர் டின்னை எட்டிப் பார்த்தார்.

"இதுல யார் வேணும்னாலும் சும்மா நாலு துண்டைப் போட்டுட்டுப் போகலாமே. யாருக்குத் தெரியும்?"

அவள் பதில் சொல்வதற்குள் ஜன்னலோரப் பெஞ்சிலிருந்து ஒரு கனைப்பு.

"போட்டுப் பாத்தேன் சார்" என்றார் லேத் மாமா. "அத்தனையும் என்னையே பொறுக்க வச்சாங்க. என் பொண்டாட்டிகிட்டகூட எனக்கு அப்படி மானம் போனதில்லை."

கூடம் முழுக்கச் சிரிப்பு. நூலகத்தில் சிரிக்கக் கூடாது என்பதையே எல்லாரும் மறந்துவிட்டார்கள். அதிகாரி சிரிக்கவில்லை. லேத் மாமா நகர்ந்து உட்கார்ந்து பெஞ்சில் கொஞ்சம் இடம் விட்டார். அதிகாரி சுற்றிப் பார்த்து, பக்கத்து அலமாரியிலிருந்து ரேடியோ பழுதுபார்க்கிற புத்தகம் ஒன்றை உருவினார். தலைமை நூலகத்துச் சிவப்புச் சீட்டு ஒட்டியது, முந்தின நடை வேனில் வந்து இறங்கியது. இடைவெளியைப் பார்த்தார், பெட்டியைப் பார்த்தார், ஒரு தக்கையை எடுத்துச் செருகினார். பெஞ்சில் போய் உட்கார்ந்தார்.

சும்மா புரட்டத்தான் எடுத்தார் என்று நினைக்கிறேன். ஆனால் சின்ன வயதில் அவரும் நாலு ரேடியோவைப் பிரித்துப் போட்டவராக இருந்திருக்க வேண்டும். ஒரு படத்தில் விரலை வைத்து வழி தேடிக்கொண்டே போனார். டீக்கடையிலிருந்து வரவழைத்துக் கொடுத்த டீ ஆறி ஆடை கட்டியது. நர்ஸ் இரண்டு தடவை எழுந்து போய் வந்தாள், அவர் தலை தூக்கவில்லை. வெயில் மேசையை விட்டு இறங்கித் தரைக்குப் போன பிறகுதான் கைக்கடிகாரத்தைப் பார்த்துத் திடுக்கிட்டு எழுந்தார். நேரே அலமாரிக்குப் போனார். புத்தகத்தை வைத்தார். முதுகை விரலால் தட்டி நேராக்கினார். தக்கை அவர் கைக்கு வந்தது.

கூடத்தில் யாரும் பக்கம் புரட்டவில்லை. அத்தனை கண்ணும் அந்தக் கையில். அவர் டின்னுக்குப் பக்கத்தில் வந்து நின்றார்.

"இது சேருமா?" என்று கேட்டார்.

"படிச்சீங்களா சார்?"

"படிச்சேன்."

"அப்ப சேரும்."

டக் என்று விழுந்தது. நேர்கோட்டக்காவுக்கு அந்தச் சத்தத்தில் உச்சந்தலை வரை குளிர்ந்தது. படியில் பாதி இறங்கியவர் திரும்பி வந்து, அந்த ரேடியோ புத்தகம் எத்தனை நாள் இங்கே இருக்கும் என்று மட்டும் கேட்டுவிட்டுப் போனார்.

அடுத்த கூட்டத்துக்கு எட்டுக் கிளைக்காரர்களும் வந்தார்கள். வேன்காரர்தான் இவளை இறக்கிவிட்டார். "அக்கா, வரும்போது சிரிச்சுக்கிட்டு வாங்க, இல்லேன்னா வேனை எடுக்க மாட்டேன்" என்றார். பொறுப்பாளர் முதலில் மானியச் செய்தியைச் சொன்னார். கூட்டுக்கு மானியம் புதுப்பிக்கப்பட்டது, எட்டு நிறுத்தத்துக்கும் சேர்த்து, ஒன்றும் குறையாமல். அதோடு, உள்ளே படிப்பதை எண்ண இனி எட்டுக் கிளையிலும் தக்கை முறைதான் என்று அதிகாரி எழுதியிருந்தார். மேசையில் மிஞ்சுவதை எண்ணினால் ஒழுங்கானவர்கள் படித்தது கணக்கில் வராது என்று ஒரு வரியும் இருந்ததாம். ஏழு கிளைக்காரர்களும் ஒரே நேரத்தில் இவளைத் திரும்பிப் பார்த்தார்கள். தச்சருக்கு வருஷம் முழுக்க வேலை என்று அவள் மனசு கணக்குப் போட்டது. கூலியோடு எழுதச் சொல்ல வேண்டும், நாத்தனாருக்கும் சேர்த்து.

பிறகு பொறுப்பாளர் கிளைவாரியாக எண்களைப் படிக்க ஆரம்பித்தார். ஒன்று, இரண்டு, மூன்று என்று போய்க் கடைசியில் இவளுடைய கிளைக்கு வந்தார். இந்தத் தடவை குரல் இறங்கவில்லை. எட்டில் எந்தக் கிளையும் பக்கத்தில்கூட வர முடியாத ஒரு எண்ணை நிறுத்தி, தெளிவாகப் படித்தார். அறை கை தட்டியது. போன தடவை செருப்பைப் பார்த்தவர் எழுந்து நின்றே தட்டினார்.

தட்டி ஓயும் வரை நேர்கோட்டக்கா பொறுமையாக இருந்தாள். பிறகு புடவை மடிப்பைச் சரி செய்துகொண்டு எழுந்தாள்.

"மேடம், சத்தமா படிங்க. கேக்கலை" என்றாள்.

அவள் உட்கார்ந்திருந்தது முதல் வரிசையில். பொறுப்பாளர் சிரிப்பை அடக்கிக்கொண்டு மறுபடியும் படித்தார், வெளியே வேனில் இருந்தவருக்கும் கேட்கிற மாதிரி.